இழுதூண்டில்

இழுதூண்டில் என்பது நகரும் படகின் பின்னால் இரை கோத்த தூண்டிலை அல்லது போலி இரை கட்டிய தூண்டிலை நீருக்குள் இழுத்துச் சென்று மீன் பிடிக்கும் முறை ஆகும். ஆங்கிலத்தில் இது டிரோலிங் எனப்படும். கரையில் அமர்ந்து தூண்டில் போடுபவர் மீன் இரையைத் தேடி வரும்வரை காத்திருக்க வேண்டும். இழுதூண்டிலில் இரையே மீனைத் தேடிச் செல்கிறது. பரந்த நீர்ப்பரப்பில் மீன் எங்கே உள்ளது என்று தெரியாத நிலையில், குறைந்த நேரத்தில் கூடுதலான இடத்தைத் துழாவிப் பார்ப்பதற்கு இம்முறை பயன்படுகிறது.

இழுதூண்டில் கடலிலும், பெரிய ஏரிகளிலும், அணைகளின் நீர்த்தேக்கங்களிலும் கையாளப்படுகிறது. இக்கட்டுரை நன்னீர் ஏரிகளில் இம்முறை செயற்படும் விதத்தையும், அதனைப் பயிலும் முறையையும், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரத்தை அடுத்துள்ள வீராணம் ஏரி போன்ற ஆழம் குறைந்த பாசன ஏரிகளில் அதற்குள்ள வரம்புகளையும் விளக்குகிறது.

பெயரும் பொருள் மயக்கமும்

தமிழில் இம்முறையைக் குறிக்க டிரோலிங் என்ற ஆங்கிலச் சொல்லும் எடுத்தாளப்படுகிறது. இழுதூண்டில் என்பது "இழு" என்னும் வினையடியும் "தூண்டில்" என்னும் பெயரும் சேர்ந்த சொல்லாகும்.

இதனை இழுவலையுடன் குழப்பிக் கொள்ளுதல் கூடாது. இழுவலை (டிராலிங்) என்பது விசைப்படகின் பின்னால் பை போன்ற பெரிய வலையைக் கட்டிக் கடலின் அடித்தரையை ஒட்டியோ இடைநீரிலோ இழுப்பதாகும். வழியில் அகப்படும் உயிரினங்கள் பெரிதும் சிறிதுமாக அவ்வலையில் சிக்கும். இழுதூண்டிலில் ஒரு முள்ளில் ஒரு நேரத்தில் ஒரு மீன் மட்டுமே அகப்படும். தேவையற்ற மீனை உயிருடன் திரும்ப விடவும் இயலும். ஒலிப்பில் இரு ஆங்கிலச் சொற்களும் நெருங்கியவை என்பதால் தமிழில் எழுதும்போது இவை இடம் மாறி விடுவது உண்டு.

செயற்படும் விதம்

ஊனுண்ணும் மீன்கள் பல, ஓடும் இரையைத் துரத்தும் இயல்புடையவை. காயம்பட்ட சிறு மீன் ஒரு சீராக நீந்தாமல் தள்ளாடியும் பக்கவாட்டில் சாய்ந்தும் செல்லும். போலி இரைகள் இத்தகைய அசைவைத் தோற்றுவிக்கும் வகையில் செய்யப்படுகின்றன. மீனின் உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு என்னும் புலனுறுப்பு, நீரில் எழும் மிகச் சிறிய அதிர்வையும் உணரவல்லது. எனவே கலங்கல் நீரிலும் அசையும் இரையை மீன் கண்டறிகிறது.

மீன் இரையைக் கவ்வும்போது படகு நகர்ந்து கொண்டே இருப்பதால் நரம்பு ஏற்கெனவே இறுகியிருக்கும். முள் தானாகவே மீனின் வாயில் தைக்கும். இதனாலேயே தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு இழுதூண்டில் எளியது என்று கருதப்படுகிறது. ஆனால் முள்ளை மீன் இருக்கும் ஆழத்தில் நிறுத்துவதே இம்முறையின் கடினமான பகுதியாகும். மீன் நான்கு மீட்டர் ஆழத்தில் இருக்கும்போது ஒரு மீட்டர் ஆழத்தில் இரையை எவ்வளவு நேரம் இழுத்தாலும் பயன் இருப்பது அரிது.

கருவிகள்

இழுதூண்டிலுக்குத் தேவையான கருவிகள் பின்வருமாறு:

- கோல்: கையில் பிடித்தோ படகின் விளிம்பில் உள்ள தாங்கியில் செருகியோ வைக்கப்படும். நுனி வளையும் தன்மை உடையதாக இருத்தல் வேண்டும். கோல் இன்றிக் கையிலேயே நரம்பைப் பிடித்து இழுப்பதும் உண்டு.
- சுற்றுருளை (ரீல்): நரம்பைச் சுற்றி வைப்பதற்கும், பெரிய மீன் இழுக்கும்போது அளவாக விட்டுக் கொடுப்பதற்கும் பயன்படுவது.
- நரம்பு: நைலான் இழை. மீனவர் வழக்கில் தங்கூசி எனவும் கூறப்படும். தடித்த நரம்பு நீரின் எதிர்ப்பால் மேலெழும். மெல்லிய நரம்பு எளிதில் ஆழம் செல்லும்.
- சுழலி: நரம்புக்கும் இரைக்கும் இடையே கட்டப்படும் சிறு உலோக இணைப்பு. இழுபடும் இரை சுழன்றாலும் நரம்பு முறுக்கேறாமல் காக்கும்.
- போலி இரை: கரண்டியின் குழிப்பகுதி போன்ற உலோகத் தகடு, சிறு மீன் வடிவில் அமைந்த மரம் அல்லது நெகிழிக் கட்டை, தவளை வடிவிலான மென்னெகிழி உருவம் எனப் பலவகைப்படும்.
- எடை: இரையை ஆழத்திற்குக் கொண்டு செல்லும் குண்டு.
- கோரி வலை: முள்ளில் பட்ட மீனைப் படகில் ஏற்றப் பயன்படும் சிறு கைவலை.

கூரிய பற்கள் உள்ள மீன்களுக்கு இரையை ஒட்டிய பகுதியில் மட்டும் மெல்லிய உலோகக் கம்பி இணைக்கப்படுகிறது.

படகைப் பொறுத்தவரை, நீண்ட அடிப்பகுதி உடைய துடுப்புப் படகோ சிறு விசைப்படகோ இதற்கு ஏற்றது. மேட்டூர் போன்ற தமிழக நீர்த்தேக்கங்களில் மீனவர்கள் பயன்படுத்தும் பரிசல் வட்ட வடிவமானது. வலை விரிப்பதற்கும் மீளச் சேர்ப்பதற்கும் அது மிகவும் ஏற்றது. ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும். எனினும், நேர்கோட்டில் சீரான வேகத்தில் செல்வது பரிசலுக்குக் கடினம் என்பதால் இழுதூண்டிலுக்கு அது பொருந்துவதில்லை.

ஆழமும் வேகமும்

நன்னீர் இழுதூண்டிலில் படகு பொதுவாக மணிக்கு 2 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இது மனிதர் நடக்கும் வேகத்திற்கு ஒப்பானது. துடுப்புப் படகிலேயே இவ்வேகத்தைப் பெறலாம்.

இரை செல்லும் ஆழத்தை நான்கு காரணிகள் முடிவு செய்கின்றன:

1. வெளியே விடப்பட்ட நரம்பின் நீளம்
2. நரம்பின் தடிமன்
3. எடையின் அளவு அல்லது இரையின் முன்னுள்ள தகட்டின் அமைப்பு
4. படகின் வேகம்

இவற்றுள் வேகத்தின் விளைவு இரையின் வகைக்கேற்ப மாறும். எடையினால் மட்டும் ஆழம் செல்லும் இரை, வேகம் கூடினால் மேலெழும். வேகம் குறைந்தால் கீழிறங்கும். முன்புறம் நாக்குப் போன்ற தகடு உள்ள இரை, வேகம் கூடும்போது நீரை உழுதுகொண்டு கீழே செல்லும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லையைக் கடந்தால் இரை புரண்டு மேலே வந்து விடும்.

படகு திரும்பும்போது இவ்விளைவு தெளிவாகக் காணப்படும். திருப்பத்தின் வெளிப்புறத்தில் உள்ள இரை விரைந்து செல்லும். உட்புறத்தில் உள்ளது தாமதித்துச் செல்லும். எடையால் ஆழம் செல்லும் இரைகளாயின் வெளிப்புற இரை உயரும். உட்புற இரை தாழும். திருப்பத்தின்போது எந்தப் பக்கத்துத் தூண்டிலில் மீன் பட்டது என்பதைக் கவனித்தால், அன்றைய நாளில் மீன்கள் எந்த வேகத்தையும் ஆழத்தையும் விரும்புகின்றன என்பதை ஊகிக்கலாம். நேராகச் செல்லாமல் பாம்பு நெளிவதைப் போல வளைந்து செல்லுமாறு தேர்ந்தவர்கள் படகைச் செலுத்துவது இதற்காகவே ஆகும்.

ஆழம் குறைந்த நீரில் படகின் நிழலும் துடுப்பின் ஒலியும் மீன்களை விலகச் செய்யும். படகு கடந்த பின் மீன்கள் பழைய இடத்திற்குத் திரும்பச் சற்று நேரம் ஆகும். எனவே ஆழம் குறைந்த ஏரிகளில் எடை குறைந்த இரையை நீண்ட நரம்பில் விடுகின்றனர். 20 முதல் 40 மீட்டர் வரை நரம்பு விடுவது வழக்கம்.

இரை கவ்வும் மீன்கள்

ஏரியில் வாழும் மீன்கள் எல்லாம் இழுதூண்டிலில் அகப்படுவதில்லை. ஓடும் இரையைத் துரத்தும் மீன்களே இதற்கு உரியவை. தமிழ்நாட்டு ஏரிகளில் காணப்படும் மீன்களை இந்நோக்கில் பின்வருமாறு பிரிக்கலாம்.

துரத்தும் மீன்கள்

விரால்: சிறு மீன்களையும் தவளைகளையும் உண்ணும். செடிகொடிகளின் ஓரத்தில் மறைந்திருந்து பாயும் இயல்புடையது. நீண்ட தொலைவு துரத்துவதில்லை. நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றையும் சுவாசிக்கும். குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை தாய் தந்தை மீன்கள் அவற்றைக் காக்கும்.

வாளை: நன்னீரில் வாழும் பெரிய ஊனுண்ணி. அகன்ற வாயும் நீண்ட மீசைகளும் உடையது. ஆழமான மடுக்களில் தங்கி அந்தியிலும் இரவிலும் இரை தேடும். இழுதூண்டிலை நன்றாகக் கவ்வும் மீன்களில் ஒன்றாகும். கடலில் பிடிபடும் நாடா வடிவ மீனும் வாளை என்றே வழங்கப்படுகிறது, இரண்டும் வெவ்வேறானவை. நன்னீர் வாளை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்பு உள்ள இனமாக இடம்பெற்றுள்ளது.

உழுவை, குறவை: உருவில் சிறியவை. சிறிய இரைகளை மட்டும் கவ்வக்கூடியவை.

துரத்தாத மீன்கள்

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் ஏரிகளிலும் குளங்களிலும் மிகுதியாக இருப்புச் செய்யப்படும் பெருங்கெண்டைகள். கட்லா மேல்நீரில் உள்ள நுண்ணுயிர் மிதவைகளையும், ரோகு இடைநீரில் உள்ள தாவர உணவையும், மிர்கால் அடித்தரையின் மட்கிய பொருள்களையும் உண்ணும். இவை ஓடும் இரையைத் துரத்துவதில்லை. இவற்றைப் பிடிக்க மாவு உருண்டை வைத்த நிலைத்தூண்டிலோ வலையோ தேவை.

சிலேபி எனவும் சிலேபிக் கெண்டை எனவும் வழங்கப்படும் திலாப்பியா, ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1952 ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. பெரும்பாலும் பாசியும் மட்கிய பொருள்களும் உண்ணும். கூடு காக்கும் காலத்தில் அருகில் வரும் இரையைச் சில வேளைகளில் தாக்கும்.

கெளுத்தி, ஆரால் முதலியன அடித்தரையில் இரை தேடுபவை. நிலையான அல்லது மெல்ல நகரும் புழு இரையில் அகப்படும்.

மேற்கண்ட பிரிவிலிருந்து ஒரு செய்தி புலனாகும். ஓர் ஏரியில் மீன்வளத்துக்காக விடப்படும் மீன்களில் பெரும்பகுதி கெண்டைகளாக இருப்பின், அங்கே மீன் மிகுதியாக இருந்தும் இழுதூண்டிலில் அகப்படுவது குறைவாகவே இருக்கும்.

வீராணம் ஏரி

வீராணம் ஏரி கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், சிதம்பரத்திற்குத் தென்மேற்கே அமைந்துள்ளது. கி.பி. 10 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தனால் அமைக்கப்பட்டது. பராந்தகனின் சிறப்புப் பெயரான வீரநாராயணன் என்பதே மருவி வீராணம் ஆயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வன் புதினம் இவ்வேரிக் கரையிலேயே தொடங்குகிறது.

கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாக ஏரிக்கு நீர் வருகிறது. கீழணை 1836 ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கட்டப்பட்டது. மேற்கே அரியலூர்ப் பகுதியில் பெய்யும் மழைநீர் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை முதலிய ஓடைகள் வழியாக ஏரியை அடைகிறது. ஏரியின் மதகுகள் வழியாக 44,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் பாசனம் பெறுகிறது. 2004 ஆம் ஆண்டில் புதிய வீராணம் திட்டம் செயற்பாட்டுக்கு வந்தபின் சென்னை மாநகருக்கும் இங்கிருந்து குடிநீர் கொண்டு செல்லப்படுகிறது.

ஏரியின் ஆழம்

வீராணம் ஏரியின் முழு நீர்மட்டம் 47.50 அடி என்று குறிக்கப்படுகிறது. இது ஏரியின் ஆழம் அன்று. ஒரு குறிப்பிட்ட அடிப்படை மட்டத்திலிருந்து கணக்கிடப்படும் உயரமே ஆகும். முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது ஏறத்தாழ 4.15 கோடி கன மீட்டர். இதனைப் பல சதுர கிலோமீட்டர் விரிந்த ஏரியின் பரப்பால் வகுத்தால், முழுதும் நிரம்பிய நிலையிலும் சராசரி ஆழம் இரண்டு மீட்டருக்கும் குறைவாகவே வரும்.

படகில் செல்பவர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இன்றியமையாதது. பரப்பில் கடல்போல் தோன்றினும், பெரும்பகுதியில் இவ்வேரி ஆழம் குறைந்த தட்டு போன்றது. வண்டல் படிவும் ஆழத்தைக் குறைத்துள்ளது. நான்கு மீட்டர் ஆழம் செல்லுமாறு செய்யப்பட்ட இரையை இங்கே இழுத்தால் அது சேற்றில் புதையும் அல்லது செடியில் சிக்கும்.

பாசன ஏரிகளில் பொதுவாகக் கரையை ஒட்டிய பகுதி ஆழமாகவும், எதிர்ப்புறத்தில் உள்ள நீர்பிடி விளிம்பு ஆழம் குறைந்தும் இருக்கும். கரைக்கு மண் எடுத்த பள்ளங்கள், மதகை நோக்கிச் செல்லும் வாய்க்கால் தடங்கள், ஆற்று நீர் நுழையும் வழி ஆகியவை சுற்றியுள்ள தரையைவிடத் தாழ்ந்தவை. நீர் குறையும்போது மீன்கள் இப்பள்ளங்களிலேயே ஒதுங்கும். எனவே இத்தகைய ஏரியில் இழுதூண்டில் செலுத்துவதற்கு உரிய வழி, ஏரியின் நடுவே அன்றி இப்பள்ளங்களை ஒட்டியே அமையும்.

நீரின் ஆண்டுச் சுழற்சி

இயற்கை ஏரிகளில் நீரின் ஆழம் மெல்ல மாறும். வீராணம் போன்ற பாசன ஏரிகளில் அது அணை திறப்பையும் மதகு திறப்பையும் பொறுத்தது.

மேட்டூர் அணை சூன் 12 அன்று திறக்கப்படுவது மரபு. நீர் வரத்துக்கேற்ப இந்நாள் முன்பின்னாக மாறுவதும் உண்டு. திறக்கப்பட்ட நீர் கல்லணை, கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக ஏரியை அடைகிறது. புதுநீர் நுழையும் இடத்தில் உயிர்வளி மிகுந்திருக்கும். அடித்து வரப்படும் புழு பூச்சிகளும் மிகுதி. எனவே சிறு மீன்கள் அங்கே திரளும். அவற்றைத் தேடி ஊனுண்ணி மீன்களும் வரும். ஆனால் பல மீன்கள் இனப்பெருக்கத்துக்காக நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவதும் புதுவெள்ளக் காலத்திலேயே ஆகும். இக்காலத்தில் சினை மீன்களைப் பிடிப்பது அடுத்த ஆண்டின் மீன்வளத்தைக் குறைக்கும்.

அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஓடைகள் வழியே செந்நிறக் கலங்கல் நீர் வந்து சேரும். வெள்ளம் மிகும்போது உபரிநீர் லால்பேட்டை அருகே வெள்ளியங்கால் ஓடை வழியாகவும், சேத்தியாத்தோப்பு அருகே வெள்ளாற்றிலும் வெளியேற்றப்படுகிறது. இக்காலத்தில் ஏரியில் சிறு படகைச் செலுத்துவது ஆபத்தானது.

சனவரி முதல் நீர் படிப்படியாகத் தெளியும். ஆழமும் போதிய அளவு இருக்கும். இழுதூண்டிலுக்கு ஏற்ற நிலை இக்காலத்திலேயே மிகுதி. கோடையில் நீர்மட்டம் தாழ்ந்து தரை வெளிப்படும். நீர்வரத்துக் குறைந்த ஆண்டுகளில் கோடையில் ஏரி வறண்டு போனதும் உண்டு. அப்போது தேங்கிய மடுக்களில் உள்ள மீன்கள் வெப்பத்தாலும் உயிர்வளிக் குறைவாலும் மடியும். காற்றைச் சுவாசிக்க வல்ல விரால், குறவை போன்றவை மட்டும் சேற்றில் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

இத்தகைய ஏரியில் கடந்த மாதம் மீன் பட்ட இடம் இந்த மாதம் வறண்ட தரையாக இருக்கக்கூடும். ஆகவே இங்கே இழுதூண்டில் பயில்பவர் இரையைத் தேர்ந்தெடுக்கும் முன் நீர்மட்டத்தை அறிய வேண்டியவராகிறார். நாள்தோறும் நாளிதழ்களில் வெளியாகும் ஏரி நீர்மட்டச் செய்தி உழவர்க்குப் பயன்படுவது போலவே மீன்பிடிப்பவர்க்கும் பயன்படும்.

கழிமுகப் பகுதி

வீராணத்தின் உபரிநீரைப் பெறும் வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்குதான் அமைந்துள்ளது. இக்கழிமுகத்திலும் அதனை அடுத்த பிச்சாவரம் அலையாத்திக் காட்டு நீர்வழிகளிலும் கொடுவா மீன் வாழ்கிறது.

கொடுவா உவர்நீரிலும் நன்னீரிலும் வாழவல்லது. இனப்பெருக்கத்துக்காகக் கடலை நோக்கிச் செல்லும். ஓடும் இரையை விரைந்து தாக்கும் இயல்புடையது என்பதால் உலகின் பல பகுதிகளில் இழுதூண்டிலுக்குப் பெயர்பெற்றது. ஆசுத்திரேலியாவின் குயின்சுலாந்து மாநிலத்தில் நன்னீர் நீர்த்தேக்கங்களில் கொடுவா இருப்புச் செய்யப்பட்டு, இழுதூண்டிலில் பிடிக்கப்படுகிறது. கடலில் வஞ்சிரம், சூரை போன்ற மீன்களைப் பிடிக்கவும் இம்முறை பயன்படுகிறது.

பயிலும் முறை

இழுதூண்டில் பயில்பவர்கள் பின்வரும் வரிசையைக் கடைப்பிடித்தல் நலம்.

1. ஆழம் அறிதல்: முடிச்சுகள் இட்ட கயிற்றில் கல்லைக் கட்டி, செல்லும் வழியில் ஆழத்தை அளந்து குறித்துக் கொள்ளுதல். ஒலியலை ஆழமானி இருப்பின் அதனையும் பயன்படுத்தலாம். தூண்டில் இன்றி ஒருமுறை அவ்வழியே சென்று வருதல் சிறந்தது.

2. இரையின் அசைவை நோக்குதல்: படகை ஒட்டித் தெளிந்த நீரில் இரையை இழுத்து, எந்த வேகத்தில் அது சரியாக அசைகிறது என்று காணுதல். அவ்வேகத்தைத் துடுப்பின் வீச்சுக் கணக்கில் நினைவிற் கொள்ளுதல்.

3. ஒரு தூண்டிலுடன் தொடங்குதல்: இரு தூண்டில்களை ஒருசேர இழுக்கும்போது திருப்பங்களில் நரம்புகள் பின்னிக் கொள்ளும். முதலில் ஒன்றைக் கொண்டு பழகுதல் வேண்டும்.

4. கோல்நுனியைப் படித்தல்: இரை சரியாக அசையும்போது கோலின் நுனி சீராக அதிரும். அதிர்வு நின்றால் இரையில் செடி சிக்கியுள்ளது என்று பொருள். நுனி விட்டு விட்டுத் துடித்தால் இரை அடித்தரையைத் தொடுகிறது. நுனி வளைந்து அதிர்வோடு இழுபட்டால் மீன் பட்டுள்ளது.

5. சிக்கலை விடுவித்தல்: இரை அடியில் மாட்டிக் கொண்டால் முன்னோக்கி இழுத்தல் கூடாது. படகை நிறுத்தி, நரம்பைச் சுற்றிக் கொண்டே மாட்டிய இடத்தைக் கடந்து சென்று எதிர்த்திசையிலிருந்து இழுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

6. மீன் பட்டபின்: படகின் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஆயினும் நரம்பு தளர விடுதல் கூடாது. தளர்ந்தால் முள் கழன்று விடும். மற்றத் தூண்டில்கள் இருப்பின் அவற்றை முதலில் சுற்றிக் கொள்ளுதல் வேண்டும்.

7. குறிப்பு எழுதுதல்: நாள், நேரம், நீர்மட்டம், நீரின் நிறம், காற்றின் திசை, விட்ட நரம்பின் நீளம், மீன் பட்ட இடம் ஆகியவற்றைக் குறித்து வைத்தல். மீன் படாத நாள்களின் குறிப்பும் இதே அளவு பயனுடையது.

பாதுகாப்பு

பரந்த, ஆழம் குறைந்த ஏரிகளில் காற்று எழும்போது குறுகிய இடைவெளியில் செங்குத்தான அலைகள் தோன்றும். இவை சிறு படகை எளிதில் நீர் புகச் செய்யும். மிதவை அங்கி அணிதல், தனியே செல்லாதிருத்தல், கரையில் ஒருவரிடம் செல்லும் வழியைக் கூறிச் செல்லுதல் ஆகியவை அடிப்படை விதிகளாகும்.

திறந்த மதகுகளின் அருகே நீரின் மேற்பரப்பு அமைதியாகத் தோன்றினாலும் அடியில் இழுப்பு வலிமையாக இருக்கும். அங்கே படகைச் செலுத்துதலும் நீரில் இறங்குதலும் உயிருக்கு ஆபத்தானவை. ஆழம் குறைவு என்று எண்ணி இறங்குவோர் சேற்றில் கால் புதைந்தோ மண் எடுத்த பள்ளத்தில் தவறி விழுந்தோ மூழ்க நேரிடலாம். இடி மின்னலின்போது நீர்ப்பரப்பை விட்டு உடனே கரையேறுதல் வேண்டும். மூன்று முனை முள் கொண்ட இரைகளை வெறுங்கையால் மீனின் வாயிலிருந்து எடுத்தல் கூடாது. குறடு பயன்படுத்த வேண்டும்.

உரிமையும் சட்டமும்

தமிழ்நாட்டில் ஏரிகளின் மீன்பிடி உரிமை பொதுவாகக் குத்தகை முறையில் தனியாருக்கோ மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ அளிக்கப்படுகிறது. சாத்தனூர், பவானிசாகர் முதலிய சில நீர்த்தேக்கங்களில் 1974 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் மீன்வளத்தைப் பேணி வந்துள்ளது. எனவே பொழுதுபோக்காகத் தூண்டில் போடுபவரும் உரியவரின் ஒப்புதலைப் பெறுதல் வேண்டும். குடிநீர் எடுக்கப்படும் ஏரிகளில் படகு செலுத்த நீர்வளத் துறையின் அனுமதியும் தேவைப்படும்.

ஏரியில் செவுள் வலை விரித்து வாழ்க்கை நடத்தும் மீனவர்க்கு வலையே முதல். வலைகளின் இடத்தைக் காட்டும் மிதவைகளை அறியாது அவற்றின் குறுக்கே முள் இழுத்தால் வலை கிழியும். ஒரு பொழுதின் விளையாட்டு ஒரு குடும்பத்தின் பல நாள் வருவாயைக் கெடுக்கக்கூடும் என்பதால், மிதவை வரிசைகளிலிருந்து விலகிச் செல்லுதல் கட்டாயமாகும்.

1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் வெடிமருந்தும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது.

சூழல்

இழுதூண்டில் தேர்ந்தெடுத்துப் பிடிக்கும் முறை என்பதால் வலையைவிடக் கேடு குறைந்தது எனக் கருதப்படுகிறது. எனினும் அது பிடிப்பது உணவுச் சங்கிலியின் உச்சியில் உள்ள, எண்ணிக்கையில் குறைந்த ஊனுண்ணி மீன்களையே ஆகும். பெரிய வாளைகளைத் தொடர்ந்து அகற்றினால் அவ்வினம் விரைவில் அருகும். குஞ்சுகளைக் காக்கும் விராலைப் பிடித்தால் அக்குஞ்சுக் கூட்டத்தில் பெரும்பகுதி பிற மீன்களுக்கு இரையாகி விடும். செந்நிறக் குஞ்சுகள் திரண்டு நீர்மட்டத்திற்கு வந்து போகும் இடத்தில் தூண்டில் இழுக்காதிருத்தல் நன்று.

அறுந்து விழும் நைலான் நரம்பு நெடுங்காலம் மட்காது. நீர்ப்பறவைகளின் கால்களிலும் சிறகுகளிலும் சிக்கும். ஈயக் குண்டுகள் நச்சுத் தன்மை உடையவை. ஈயத்தை விழுங்கிய அன்னங்கள் இறந்ததை அடுத்துப் பிரித்தானியாவில் 1987 ஆம் ஆண்டு சிறிய ஈயத் தூண்டில் எடைகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. குடிநீர் ஏரிகளில் இரும்பு அல்லது கல் எடையைப் பயன்படுத்துவதும், எண்ணெய் கசியும் பொறிகளைத் தவிர்த்துத் துடுப்பைப் பயன்படுத்துவதும் பொருத்தமானவை.

வரலாறு

தமிழகத்தில் தூண்டில் மிகப் பழமையானது. பெரும்பாணாற்றுப்படை உள்ளிட்ட சங்க நூல்களில் தூண்டிலும் வாளையும் இடம்பெறுகின்றன. ஆயினும் இழை சுற்றும் உருளையும் உலோகப் போலி இரையும் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த என்றி சல்லிவன் தாமசு 1873 இல் இந்திய நீர்நிலைகளில் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி நூல் எழுதினார். ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றிய அவரது மற்றொரு நூல் 1887 இல் வெளிவந்தது.

வட அமெரிக்காவின் பேரேரிகளில் இழுதூண்டில் பெரும் பொழுதுபோக்காக வளர்ந்தது 1960களின் பிற்பகுதியிலாகும். 1966 இல் மிச்சிகன் ஏரியில் சேரும் ஓடைகளில் கோகோ சால்மன் குஞ்சுகள் விடப்பட்டன. அவை வளர்ந்து ஆழ்நீரில் திரண்டபோது, கனத்த குண்டைக் கம்பியில் இறக்கி இரையை விரும்பிய ஆழத்தில் நிறுத்தும் கருவி பரவலாயிற்று. எகிப்தின் நாசர் ஏரியில் நைல் கொடுவாயும், இசுக்கொட்லாந்தின் ஆழமான ஏரிகளில் பெரிய டிரவுட்டு மீன்களும் இழுதூண்டிலில் பிடிக்கப்படுகின்றன. அவ்வேரிகள் மிக ஆழமானவை. அவற்றுக்காக உருவான கருவிகளையும் ஆழக் கணக்குகளையும் தமிழகப் பாசன ஏரிகளில் அப்படியே பயன்படுத்த இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

- வீராணம் ஏரி
- கீழணை
- வெள்ளாறு
- பிச்சாவரம்
- விரால்
- தூண்டில்
- இழுவலை